இரண்டரை மணிப் பசி

எங்கள் இறுதி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்காக நூற்றுச் சொச்சம் மாணவர்களிடம் படிவம் கொடுத்து நிரப்பி வாங்கியிருந்தோம். ‘நேற்றுக் காலை எழுந்தது முதல் படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?’ என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. நூலகத்தின் பின்பக்க மேசையில் அவற்றைப் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்த என் வகுப்புத் தோழன், பாதியில் நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

“இன்னா மே இது? அல்லாரும் கீரை துன்னுகினு கீறாங்க. நம்ம காலேஜ்ல பசங்க படிக்கிறாங்களா, மாடு படிக்குதா?”

நான் சிரிக்கவில்லை. அவற்றில் முதலாவதாக இருந்த படிவம் என்னுடையது. அதிலும் கீரை இருந்தது.

நான் படித்தது உணவும் ஊட்டச்சத்தும். பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசைக்குப் போகிற நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் கல்லூரி. வீடு ஆவடியில். அப்பா அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. எங்கள் பிளாக்கில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். எந்த வீட்டில் என்ன குழம்பு என்று மாடிப்படி ஏறும்போதே சொல்லிவிடலாம். இந்தப் படிப்பை நான் தேர்ந்தெடுத்தபோது அம்மாவுக்கு ஒரே குழப்பம். “சமையல் படிக்கதுக்கு எதுக்குட்டி காலேஜு? இங்கன அடுப்படியில வந்து நில்லு, நான் சொல்லித்தாரேன்” என்றாள்.

முதல் இரண்டு வருடம் வீட்டிலிருந்துதான் போய் வந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவோடு ஆவடியில் ஏறி, பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி வந்து, அங்கே இன்னொரு பேருந்து மாறுவேன். நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. பாதிச் சாலையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வீட்டிலிருந்து கிளம்பி வகுப்புக்குள் நுழைய சில நாட்கள் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். மூன்றாம் ஆண்டு தொடங்கியதும், குமணன்சாவடியில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்திருந்த மூன்று பெண்களோடு நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அந்த வீட்டில் சமையலறை இருந்தது. அடுப்பும் இருந்தது. ஆனால் கேஸ் இணைப்பு வாங்க யாருக்கும் நேரம் வரவில்லை. அடுப்பின் மேல் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டோம். ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில்கள், தக்காளி சாஸ் பொட்டலங்கள், பாதி குடித்த குளிர்பானம். பசித்தால் போனை எடுப்போம். முதலில் எதைச் சாப்பிடலாம் என்று நால்வரும் கூடிப் பேசித்தான் ஆர்டர் போட்டோம். ஒரு மாதத்துக்குள் அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. ஏற்கெனவே வாங்கியதையே மறுபடி வாங்க ஒரு பொத்தான் இருந்தது, அதை அமுக்கினால் போதும். ஷவர்மா, ஃப்ரைட் ரைஸ், மோமோஸ், கோல்ட் காபி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகாவிட்டால் பிரியாணி. காலை உணவு என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வகுப்பில் இரும்புச்சத்து பற்றிக் கேட்டால் முதலில் கை தூக்குகிறவள் நான்தான். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கறுப்பு உளுந்து, ஈரல் என்று அடுக்குவேன். எலுமிச்சை பிழிந்தால் உடம்பு அதை நன்றாக ஏற்கும் என்பேன். அந்தத் தேர்வு எழுதிய அன்று நான் சாப்பிட்டது ஒரு பாக்கெட் சிப்ஸ்.

அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். “சாப்ட்டியாட்டி?” என்பாள். “சாப்ட்டேம்மா” என்பேன். “என்ன சாப்ட்ட?” என்று அடுத்த கேள்வி வரும். “சோறும் கீரைக் கூட்டும்” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஒரு முறை சொன்ன பொய்யை மறுமுறை சொல்வது எளிது. அதே பொய்யைத்தான் படிவத்திலும் எழுதினேன். மற்றவர்களுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று முதல் படிவத்தை நானே நிரப்பியிருந்தேன்.

எங்கள் ப்ராஜெக்ட்டில் இன்னொரு பகுதியும் இருந்தது. படிவம் கொடுத்தவர்களில் விருப்பம் உள்ளவர்களுக்குக் கல்லூரி மருத்துவ அறையில் விரல் நுனியில் குத்தி ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்ப்பது. அங்கே இருந்த நர்ஸ் அக்கா நல்ல மனுஷி. மூன்று நாட்கள் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தார். இரண்டாவது நாளே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“உங்க படிவத்துல எல்லாரும் முட்டை, கீரை, பேரீச்சம்பழம்னு எழுதியிருக்காங்க. ரத்தத்துல ஒண்ணையும் காணோமே?” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ இன்னும் பாக்கலையே. கையைக் குடு.”

கருவியில் எட்டரை என்று வந்தது. அவர் துடைத்துவிட்டு இன்னொரு விரலில் குத்தினார். அதே எட்டரை.

“பன்னெண்டாவது இருக்கணும்மா. மாடி ஏறினா மூச்சு வாங்குதா?”

வாங்கியது. பல மாதங்களாக வாங்கியது. நான் அதைப் படிப்பின் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புத் தோழன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினான்குக்கு மேல். திருவேற்காட்டில் வீடு. அப்பா பூந்தமல்லிக்கும் கோயம்பேட்டுக்கும் ஷேர் வேன் ஓட்டினார். தினமும் அவன் அம்மா கட்டிக் கொடுக்கிற சோற்றைக் காலை இடைவேளையிலேயே தின்றுவிட்டு, மற்றவர்கள் டப்பாவிலும் கை வைப்பான். அவன் படிவம் ஒன்றுதான் உண்மை என்று எனக்கு அப்போது தோன்றியது.

வெளியே வந்ததும் சொன்னேன். “இந்தப் படிவத்தை வச்சு ஒண்ணும் எழுத முடியாதுடா. எல்லாம் பொய்.”

“இன்னா பேசுற நீ? மூணு வாரத்துல சப்மிட் பண்ணணும். வெயில்ல ஒவ்வொரு பிளாக்கா அலைஞ்சி வாங்கினது நானு.”

“என்னோடது பொய். அது எனக்குத் தெரியும். மத்தவங்களும் அப்படித்தான் எழுதியிருக்காங்க.”

“ஒன்னோடத மட்டும் கிழிச்சிப் போடு. மீதிய குடுத்துடலாம். யாரு பாக்கப் போறா?”

எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கும் வந்தது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டு பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவன் கையை நீட்டினான்.

“போனைக் குடு.”

“எதுக்கு?”

“நெஜமா இன்னாதான் துன்றேன்னு பாக்கணும்.”

கொடுக்க மனமில்லை. என் செய்திகளைக் காட்டச் சொன்னால்கூட அவ்வளவு கூசியிருக்காது. கடைசியில் ஆர்டர் பட்டியலைத் திறந்து கொடுத்தேன். அவன் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனான். முடிவே இல்லாமல் போயிற்று. அவன் கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. நெற்றியைச் சுருக்கி, திரும்ப மேலிருந்து பார்த்தான்.

“நாள் போட்டுருக்குது, மணி போட்டுருக்குது, இன்னா வாங்குனன்னு போட்டுருக்குது” என்றான். “இதுல யாரும் கீரைன்னு பொய் எழுத முடியாது. இதான் மே ப்ராஜெக்ட்டு.”

அந்த யோசனை அவனுடையது. அதை எங்கே சொன்னாலும் நான் அவன் பக்கம் கை காட்டித்தான் சொல்வேன். என்னுடைய பங்கு அடுத்து வந்தது.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னோம். என் படிவம் பொய் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “மறுபடி ஆரம்பிச்சா நேரத்துக்கு முடிக்க முடியாமப் போகலாம். தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றோம். “யாராவது தன் போனை உங்ககிட்ட காட்டுவாங்களா?” என்றார். கேட்டுப் பார்க்கிறோம் என்றோம். அனுமதி கொடுத்தார்.

முதல் நாள் கேட்ட ஏழு பேரும் மறுத்துவிட்டார்கள். ஒருத்தி, “ஏன், எங்கம்மாகிட்ட சொல்றதுக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். முதலில் காட்ட வேண்டியது நான்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எட்டாவது ஆளிடம் நான் கேள்வி கேட்கவில்லை. என் போனைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். “இது என்னோடது. பாரு. நான் நியூட்ரிஷன் படிக்கிறேன்” என்றேன். அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். “அக்கா, நீங்க என்னைவிட மோசம்க்கா!” என்று சொல்லித் தன் போனை என்னிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாரிடமும் அப்படியே செய்தோம். என் மானம் கல்லூரி முழுக்கக் கை மாறியது. இயந்திரவியல் பிளாக்கில் முகம் தெரியாத ஒருவன் என்னைப் பார்த்து “கோல்ட் காபி அக்கா” என்று கூப்பிட்டான். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் பத்துப் பதினைந்து பேர் உண்மையைச் சொன்னார்கள். யாருடைய பெயரையும் எழுதிக்கொள்ளவில்லை. என்ன வாங்கினார்கள், எத்தனை மணிக்கு வாங்கினார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் பேசவும் செய்தார்கள். படிவத்தில் ஒருவரும் எழுதாததையெல்லாம் சொன்னார்கள். விடுதியில் தங்கியிருந்த முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவள். “மெஸ் சாப்பாடு பிடிக்கலையா?” என்று கேட்டேன். “நல்லாத்தான்க்கா இருக்கும். லேப் முடிஞ்சி நாங்க போறப்ப மூடித் தரையைக் கூட்டிட்டு இருப்பாங்க. கெஞ்சி வாங்கிச் சாப்பிட்டுட்டு இருக்கும்போதே காலைத் தூக்கும்மான்னு சொல்வாங்க. சோறும் அடியில காய்ஞ்சு போயிருக்கும். ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் ஆர்டர் போடக் கத்துக்கிட்டேன்” என்றாள்.

இதையே வேறு வேறு வாயால் கேட்டோம். என் தோழன் ஒரு வெள்ளை சார்ட் தாளில் காலை முதல் இரவு வரை மணிகளைக் கோடு போட்டுக் குறித்தான். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஸ்கெட்ச் பேனாவால் வைத்துக் கை வலித்ததும், பூந்தமல்லிக் கடைத்தெருவில் போய்ச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டை அட்டையாக வாங்கிவந்தான். கடைக்காரம்மா யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாராம்.

பொட்டுகளை ஒட்டி முடித்துத் தாளைச் சுவரில் சாய்த்து வைத்தபோது இரண்டு பேரும் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தோம். இரவில் கொஞ்சம் சிவப்பு இருந்தது. ஆனால் பிற்பகல் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே பொட்டுக்கு மேல் பொட்டு ஒட்ட இடமில்லாமல் ரத்தக் கட்டு மாதிரி ஒரு சிவப்பு. மாணவர்கள் நாக்கு ருசிக்காக ஆர்டர் போடுகிறார்கள் என்றுதான் ப்ராஜெக்ட் தலைப்பிலேயே மறைமுகமாக எழுதியிருந்தோம். அந்தச் சிவப்பு வேறு எதையோ சொன்னது.

அடுத்த மூன்று நாளும் மதியம் மெஸ்ஸுக்குப் போய் நேரம் பார்த்தோம். ஒன்றே முக்காலுக்கு மெஸ் மூடியது. காலை லேப் வகுப்புகள் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தபோது இரண்டு மணி பத்து நிமிடம்.

மெஸ் சூப்பர்வைசர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று எங்களை முறைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டியவர், கனத்த உடம்பு, தோளில் எப்போதும் ஒரு துண்டு. அவர் கோபக்காரர் என்று கல்லூரிக்கே தெரியும்.

“இன்னா, மூணு நாளா நோட்டு எடுத்துகினு சுத்துறீங்க? என் சாப்பாட்டுல இன்னா கொறை கண்டீங்க? ப்ரின்சிபால்கிட்ட எழுதிக் குடுக்கப் போறீங்களா?”

“இல்ல அண்ணாத்தே” என்று என் தோழன் ஆரம்பிப்பதற்குள் அவர் கையை அசைத்து எங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே நீல டிரம்கள் வரிசையாக நின்றன. ஒரு டிரம்மின் மூடியைத் திறந்தார். வெள்ளைச் சோறு, அதன் மேல் சாம்பார், பொரியல். இன்னும் ஆவி பறந்தது.

“பாத்தியா? இதெல்லாம் பன்னிப் பண்ணைக்குப் போவுது. டெய்லியும் போவுது. எனக்கு வவுறு எரியாதா? அம்பத்தூர் எஸ்டேட்ல பத்து வருசம் கம்பெனி கேன்டீன்ல வேலை செஞ்சவன் நானு. அங்க ஷிப்டுக்கு ஒரு பந்தி. எவன் எப்ப வந்தாலும் அவனுக்கு சூடா சோறு கீது. இங்க ஒண்ணே முக்காலுக்கு மூடுன்னு ஆபீஸ்ல எழுதி ஒட்டிட்டாங்க. மூடுறேன். அப்பால கேட்டாண்ட போய்ப் பாரு, பைக்குங்க வரிசையா நிக்குது, பசங்க பார்சல் வாங்கிகினு போறாங்க. நான் இன்னாத்துக்கு இங்க கீறேன்?”

நாங்கள் கொண்டு போயிருந்த சார்ட்டை அவர் முன்னால் விரித்தோம். அந்தச் சிவப்பைக் காட்டி இது இரண்டரை மணி என்றேன். அவர் டிரம்மைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

“அப்ப என் சோறு புடிக்காம இல்ல?”

“இல்லண்ணா. வந்து சேர முடியல.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இதை எங்க பேசப் போறீங்க? எனக்குச் சொல்லு, நானும் வர்றேன்” என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஆவடிக்குப் போனேன். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, அம்மா மட்டன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன். எட்டரை என்றதையும் சொன்னேன், கீரைக் கூட்டையும் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்பம் நான் போன்ல கேட்டதெல்லாம்?”

“பொய்தாம்மா.”

அப்பா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் அவர் மெல்லுவது மெதுவாகிவிட்டது. நான் தொடர்ந்தேன். “வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலயும் பேசணும். என் போனையே திரையில காட்டப் போறேன். அதுக்கு முன்னால உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

“எல்லாரு முன்னாலயுமா? எதுக்குட்டி? இன்னொருத்தி போனைக் காட்டேன்.”

“மத்தவங்க என்னை நம்பிக் காட்டினாங்கம்மா. அவங்களோடதைக் காட்ட முடியாது.”

அம்மா குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். என் தட்டில் மூன்றாவது முறையாக ஈரல் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டாள். அதற்குப் பிறகு, “காட்டு. ஆனா அன்னைக்கு காலையில சாப்ட்டுட்டுப் போய்க் காட்டு” என்றாள். அடுத்த நாள் நான் கிளம்பும்போது பையில் முருங்கைக்கீரைப் பொடியும் வறுத்த கடலையும் இருந்தன. அப்பா பேருந்து நிறுத்தம்வரை வந்தார். குமணன்சாவடி வீட்டுக்குக் கேஸ் இணைப்பு வாங்க என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கக் கூடத்தில் எங்கள் துறையோடு மற்றத் துறைகளின் பேராசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வரும் வந்திருந்தார். என் தோழன் சார்ட்டைத் தூக்கிப் பிடித்து விளக்கினான். மேடை ஏறியதும் அவன் தமிழே மாறிவிட்டது. ‘மாணவர்கள் பிற்பகல் வேளையில்’ என்றெல்லாம் பேசினான். முதலில் சேகரித்த படிவங்கள் ஏன் தள்ளப்பட்டன என்பதை நான் சொன்னேன். கேள்வி நேரம் வந்ததும் ஒரு மூத்த பேராசிரியர் எழுந்தார்.

“இந்தத் தலைமுறைக்கு நாக்கு நீளம். சோம்பேறித்தனம் வேற. அதுக்கு நீங்க மெஸ் நேரத்தைச் சாக்காச் சொல்றீங்க. அவ்வளவுதானே?”

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். நான் மேசைக்குப் போய் என் போனை இணைத்தேன். பெரிய திரையில் என் ஆர்டர்கள் வந்தன. மேலிருந்து கீழாக ஓடவிட்டேன்.

“சார், இது என்னோடது. நான் சோம்பேறியா இருந்தேன், ஒத்துக்கிறேன். நான் வெளியே தங்கியிருக்கிறேன், சமைச்சிருக்கலாம். ஆனா இந்த மதிய ஆர்டர்களைப் பாருங்க. லேப் இருக்கிற நாட்கள்ல மட்டும் இருக்கு. லேப் இல்லாத செவ்வாயும் வியாழனும் நான் மெஸ்ஸுல டோக்கன் வாங்கிச் சாப்பிட்டேன். நாக்கு அந்த ரெண்டு நாளும் இதே நாக்குதான்.”

இந்தப் பதிலை நான் முன்பே தயாரித்திருக்கவில்லை. முந்தின நாள் என் பட்டியலைப் பார்த்தபோதுதான் அந்த இடைவெளி கண்ணில் பட்டிருந்தது. அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஐயா, நான் மெஸ் சூப்பர்வைசர். ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன்.”

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவரை யாருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. நீல டிரம்மைப் பற்றிச் சொன்னார். அம்பத்தூர் பந்தியைப் பற்றிச் சொன்னார். “எனக்கு ஆள் வேணாம், சம்பளம் ஏத்த வேணாம். அந்த போர்டுல இருக்கிற மணியை மட்டும் மாத்திக் குடுங்க. கொட்டுற சோத்தை நான் புள்ளைங்களுக்குப் போட்டுக்கிறேன்” என்றார்.

கேள்வி கேட்ட பேராசிரியர்தான் முதலில் கைதட்டினார். அவரை நான் அதற்காக இன்றும் மதிக்கிறேன். முதல்வர் தன் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டுவிட்டு, “ஒரு மாசம் செஞ்சு பாருங்க” என்றார்.

அடுத்த திங்கள்கிழமை இரண்டேகால் மணிக்கு இரண்டாவது பந்திக்கான கவுண்டர் திறந்தது. சோறு, சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல், அவித்த முட்டை, தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை. எலுமிச்சை என் விண்ணப்பம். சூப்பர்வைசர் கரண்டியோடு தானே நின்றார். இரண்டு இருபது வரை ஒரு ஆள் இல்லை. என் தோழன் வாசலுக்கும் கவுண்டருக்குமாக நடந்தான். “வரலைன்னா நாம ரெண்டு பேருமே அல்லாத்தையும் துன்னணும்” என்றான்.

பிறகு லேப்பிலிருந்து வருகிற வெள்ளைக் கோட்டுகள் தெரிந்தன. முதலில் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் ஒரு வகுப்பு, அதற்கும் பின்னால் இன்னொரு வகுப்பு. அந்தத் தர்மபுரிப் பெண்ணும் வந்தாள். தட்டோடு உட்கார்ந்தாள். ஒருவரும் அவளைக் காலைத் தூக்கச் சொல்லவில்லை. சூப்பர்வைசர் அவள் மேசைக்கே போய், “இன்னும் கொஞ்சம் வெக்கட்டாம்மா?” என்று கேட்டதை நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைப் போல ஒரு மனநிறைவு எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. என் மதிப்பெண் பட்டியல் எதுவும் அதைத் தந்ததில்லை.

எல்லாரும் போனைத் தூக்கி எறிந்துவிடவில்லை. சாயங்காலம் ஆனால் கேட்டில் பைக்குகள் நிற்கத்தான் செய்தன. நாங்களும் எங்கள் மாடியில் மாதத்துக்கு நாலைந்து முறை ஆர்டர் போட்டோம், இந்த முறை நிஜமாகவே ஆசைப்பட்டு. கேஸ் இணைப்பு வந்தது. நான்கு பேரும் முறை வைத்துச் சமைத்தோம். என் முறை வருகிற நாளில் மற்ற மூவரும் மௌனமாக ஜெபித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நர்ஸ் அக்கா கொடுத்த மாத்திரையும் தின்றேன். பட்டம் வாங்குவதற்கு முன் கடைசியாக விரலைக் கொடுத்தபோது கருவியில் பதினொன்றே முக்கால் வந்தது. அதை அம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவள் அதைத் திருப்பி குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள், என்ன எண் என்று விளக்காமலே. ஏதோ பரீட்சை மதிப்பெண் என்று நினைத்து இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள்.

அந்த ஆண்டின் சிறந்த ப்ராஜெக்ட்டுக்குத் துறை கொடுத்த முதல் பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. வேறொரு குழுவின் சிறுதானிய பிஸ்கட்டுக்குப் போனது. என் தோழன் ஒரு வாரம் அந்த பிஸ்கட்டைத் திட்டினான், பிறகு அவர்களிடமே கேட்டு வாங்கித் தின்றான். இப்போது அவன் ஒரு பள்ளி உணவுத் திட்டத்தில் வேலை பார்க்கிறான். நான் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று நேராகக் கேட்பதில்லை. எப்போது சாப்பிட முடிகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

போன வருடம் ஒரு சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போயிருந்தேன். அலுவலகத்தில் வேலை முடிந்தபோது மணி இரண்டரை. மெஸ்ஸை எட்டிப் பார்த்தேன். வரிசை கதவுக்கு வெளியே நின்றது. சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுவிட்டார், கவுண்டரில் புது ஆள். வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணிடம், “இந்த நேரத்துக்குக்கூடச் சாப்பாடு கிடைக்குமா?” என்று கேட்டேன்.

அவள் என்னை வெளியூர்க்காரி என்று நினைத்துக்கொண்டாள். “கிடைக்கும்க்கா. இங்க ரெண்டு பந்தி. எப்பவுமே அப்படித்தான்” என்றாள்.

எப்பவுமே. அவளைத் திருத்த எனக்கு ஆசையாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. அவளுக்குப் பின்னால் நின்றேன். அன்று வெண்டைக்காய்ப் பொரியலும் ரசமும். உட்கார்ந்து நிதானமாக, மறு சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பூந்தமல்லிப் பேருந்தைப் பிடித்தேன்.